பன்னிரண்டு குவளை குறைகிறது

வாருங்கள் மேஸ்திரி, உட்காருங்கள். தரகர் போனில் சொன்னார். குமாரபாளையத்திலிருந்து ஒருவர் கிரைண்டர் பார்க்க வருவார், மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று. இதோ, இதுதான். நன்றாகப் பாருங்கள். தட்டிப் பார்க்க வேண்டாம். தட்டிப் பார்ப்பதற்கு இது தேங்காய் இல்லை.

பத்தொன்பது வருடம், நாலு மாதம் ஓடியிருக்கிறது. கல்லை முப்பத்தெட்டுத் தடவை கொத்தியிருக்கிறேன். பெல்ட் பதினொன்று மாற்றினேன். மோட்டாருக்கு இரண்டு தடவை காயில் கட்டினேன். தரகர் உங்களிடம் ‘நல்ல கண்டிஷன்’ என்று சொல்லியிருப்பார். தரகருக்கு உலகத்தில் எல்லாமே நல்ல கண்டிஷன்தான். நான் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டேன். கண்டிஷனை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

விற்கிறேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை. அதையும் தெரிந்துகொள்ளுங்கள். என் சம்சாரம் பாவாயி நாலு மாதமாக ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். பிரசவத்துக்குப் போனவள். குழந்தை பிறந்து, முகம் பார்த்துச் சிரிக்கவும் தொடங்கிவிட்டது. நேற்று மாப்பிள்ளை போனில் பேசினார். “மாமா, கடை அங்கே படுத்துடுச்சுன்னு கேள்விப்பட்டேன். வித்துட்டு இங்கயே வந்துருங்க. இல்லேன்னா அத்தையை வெள்ளிக்கிழமை பஸ் ஏத்தி விடறேன். ரெண்டுல ஒண்ணு நாளைக்குள்ள சொல்லுங்க” என்றார். படுத்துவிட்டது என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பாவாயியாகத்தான் இருக்கும். நீங்கள் இந்த மெஷினை எடுத்துக்கொண்டால் நான் ஓசூரில் ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்து லிப்ட் எத்தனை தடவை மேலே போகிறது, எத்தனை தடவை கீழே வருகிறது என்று எண்ண வேண்டியதுதான். எடுக்கவில்லை என்றால் அவள் இங்கே வருவாள். வந்து என்ன செய்யப் போகிறாள், அது வேறு விஷயம்.

நீங்கள் என்ன யோசனையில் வாங்குகிறீர்கள்? ஒரு நாளைக்கு முந்நூறு லிட்டர் இட்லி மாவா? சரி. ஆரம்பத்திலேயே முந்நூறு லிட்டர். நன்றாக இருக்கிறது.

என் தம்பி மகன் செங்கோட்டுவேலும் இப்படித்தான் சொன்னான். பாக்கெட் மாவு போட்டான். வண்டி வாங்கினான். வண்டியில் இட்லியின் படம், அந்த இட்லிக்குக் கண்ணு, மூக்கு, மீசை. பள்ளிபாளையத்தில் மூன்று கடையில் குளிர்பெட்டி வைத்தான். இந்த வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே தலையை நீட்டி, “பெரியப்பா, நீங்க குவளையில அளந்துட்டே கெடங்க. நான் ஜில்லாவுக்கே ஊத்திக் காட்டறேன்” என்றான். பத்தே மாதம். குளிர்பெட்டி இப்போது கோழிக்கறிக் கடையில் இருக்கிறது. வண்டியில் இருந்த மீசை வைத்த இட்லித் தகடு அவன் மாமனார் ஆட்டுப்பட்டிக்குக் கூரையாகக் கிடக்கிறது. மழை பெய்தால் அந்த மீசை வழியாகத்தான் தண்ணீர் வடிகிறது. நானே பார்த்தேன்.

தொழிலை மூடிய பிறகு வந்தான். இந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்தான். “எப்படிங்க பெரியப்பா நீங்க மட்டும் இத்தன வருசம் தாக்குப்பிடிச்சீங்க?” என்று கேட்டான். அவனுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கேட்கிற யோக்கியதை அவனுக்கு இல்லை. உங்களுக்கு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

முதல் வருடம் எங்களுக்கு ஏழு போசி. ஏழு வீட்டிலிருந்து மாவு வாங்க ஏழு பாத்திரம் வந்தது, அவ்வளவுதான். நான் ஆட்களை எண்ணுவதில்லை. எனக்கு முகம் பார்த்துப் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் எழுந்து நிற்கச் சொன்னாரே என்றுதான் பள்ளிக்கூடத்தையே விட்டேன். அதனால் நான் உள்ளே மாவு ஆட்டுவேன், பாவாயி முன்னால் நின்று ஊற்றுவாள். இந்தத் தட்டி இருக்கிறதே, இதன் சந்து வழியாகப் பார்த்தால் போசி மட்டும் தெரியும். பித்தளைத் தூக்கு, சில்வர் டப்பா, நசுங்கிய அலுமினியம். எண்ணிக்கொள்வேன். ஏழு. அடுத்த வருடம் பதினொன்று. அப்புறம் பதினைந்து. இவள் ஓசூர் போகும்போது எண்பத்து நாலு. பத்தொன்பது நாலு எழுபத்தாறு, அதோடு ஏழு எண்பத்து மூன்று, மேலே ஒன்று. வருடத்துக்கு நாலு போசி கூடியிருக்கிறது. சிரிக்காதீர்கள். செங்கோட்டுவேலும் சிரித்தான்.

வருடத்துக்கு நாலு போசி என்பது சின்ன விஷயம் என்று நினைப்பவன் வியாபாரத்துக்கே வரக்கூடாது. ஆட்டுப்பட்டிக்குக் கூரை போடத்தான் அவன் லாயக்கு. நூறு குவளை விற்றால் எண்பது குவளை அரிசிக்கும் உளுந்துக்கும் கரண்டுக்கும் வாடகைக்கும் போய்விடும். மீதி இருபது குவளைதான் நம்முடையது. அந்த இருபதில்தான் சாப்பிட்டோம், அந்த இருபதில்தான் மகளைப் படிக்க வைத்தோம், கட்டிக்கொடுத்தோம். கரண்டே இல்லாத காலம் ஒன்று வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பகலில் எட்டு மணி நேரம் இருக்காது. ஊரிலுள்ள மாவுக் கடை எல்லாம் சாத்தினார்கள். நான் விடியற்காலை நாலு மணிக்குக் கரண்டு வரும்போது ஆட்டி, ஈரச் சாக்கு சுற்றி வைத்து, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் கடை சாத்தியது மூன்றே நாள். என் மாமியார் செத்த அன்று, மகள் கல்யாணத்தன்று, ஆற்றில் வெள்ளம் வந்து தெருவுக்குள் பரிசல் விட்ட அன்று. அவ்வளவுதான். விடாமல் நிற்க வேண்டும். இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது.

இல்லை, ஒன்று இருக்கிறது. மேலே அந்தப் பலகையைப் படியுங்கள்.

‘கொசுறு கேட்காதீர்கள்.’

நானே எழுதியது. கடை திறந்த மூன்றாவது நாள் எழுதி மாட்டினேன். நம் ஜனங்களின் புத்தி உங்களுக்குத் தெரியும். கத்திரிக்காய் வாங்கினால் கொத்தமல்லி சும்மா வேண்டும். பூ வாங்கினால் முழத்துக்கு மேல் ஒரு கண்ணி வேண்டும். கறி வாங்கினால் ஈரல் துண்டு வேண்டும். அளந்து கொடுத்தது அளவு இல்லையாம், அதற்கு மேல் கை தவறி விழுவதுதான் அளவாம். பிச்சை என்று சொன்னால் கோபம் வரும், கொசுறு என்று சொன்னால் உரிமை. என் இருபது குவளையை இப்படிக் கொசுறு கொசுறாகக் கொடுத்தால் நான் என்ன ஆவது? அதனால் பலகை. நம்ப மாட்டீர்கள், பத்தொன்பது வருடத்தில் ஒருத்தர்கூட இந்தக் கடையில் கொசுறு கேட்டதில்லை. ஒருத்தர்கூட! உள்ளே நான் காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு பலகை இத்தனை வருடம் ஒரு தெருவையே திருத்தி வைத்திருந்தது.

ஆனால் ஒரு குறை. அதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் நாளைக்கு மெஷின்மேல் பழி போடக்கூடாது பாருங்கள்.

இருபது கிலோ அரிசி, ஐந்து கிலோ உளுந்து போட்டால் இந்தக் குவளைக்கு நூற்றிருபது குவளை மாவு வரும். அரை லிட்டர்க் குவளை. கூடாது, குறையாது. நானே அளந்து டிரம்மில் ஊற்றி முன்னால் வைப்பேன். எட்டு மணிக்கு டிரம் காலியாக வரும். விற்றது நூற்றெட்டு என்பாள் பாவாயி. பன்னிரண்டு குவளை குறையும். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, தினமும். முன்பெல்லாம் ஒன்று, இரண்டு என்றுதான் குறைந்தது. வர வரக் கூடிவிட்டது.

நான் விடுவேனா? டிரம்மில் ஒட்டுகிறதா என்று வழித்துப் பார்த்தேன். கல் இடுக்கில் நிற்கிறதா என்று கழுவிப் பார்த்தேன். வெயிலில் வற்றுகிறதா என்று ஒரு குவளை மாவைத் தனியாக மூடி வைத்து சாயங்காலம் அளந்தேன். அப்படியே இருந்தது. கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். பாவாயிக்குக் கை நடுக்கம். ஊற்றும்போது அலம்பி அதிகமாக விழுகிறது.

“உனக்குக் கை நடுங்குது பாவாயி.”

“ஆமாங்க, நடுங்குதுங்க” என்றாள்.

ஈரோட்டில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் கையை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், ஒரு கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். “ஒண்ணுமில்லையே” என்றார். டாக்டர்கள் லட்சணம் அவ்வளவுதான். நான் விடாமல் நின்றதால் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் சாப்பிட்டாள். ஒரு நாளும் மறக்காமல் சாப்பிட்டாள். பன்னிரண்டு குவளை அப்படியே குறைந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோப்பாள். மல்லிகை தொடுத்தால் ஒரு மொக்கு கீழே விழாது. நடுக்கத்தில் இப்படியும் ஒரு வகை இருக்கிறது போலிருக்கிறது. மாவு ஊற்றினால் மட்டும் நடுங்கும்.

அவள் தை மாதம் ஓசூருக்குப் போனாள். நான் தட்டிக்கு முன்னால் வந்து நின்றேன். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எண்பத்து நாலு பேர் முகத்துக்கு நேரே. நான் குவளையை மட்டும் பார்த்தேன். மொண்டேன், விளிம்பு மட்டமாக வைத்தேன், ஊற்றினேன். முதல் நாள் எட்டு மணிக்கு எண்ணினேன். விற்றது நூற்றெட்டு. டிரம்மில் மிச்சம் பன்னிரண்டு. கூட்டினால் நூற்றிருபது! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது மேஸ்திரி. உடனே ஓசூருக்குப் போன் போட்டேன்.

“பாவாயி, கணக்கு சரியாயிருச்சு! பத்தொம்போது வருசத்துல மொத தடவ!”

“அப்படிங்களா” என்றாள். சந்தோஷமே இல்லை. அப்புறம், “ஏனுங்க, ஊத்துன பெறகு போசிய எடுக்காம நின்னாங்களா?” என்று கேட்டாள்.

“நின்னாங்க. உனக்கெப்படித் தெரியும்?”

“சும்மா கேட்டேனுங்க” என்று வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதும்தான் கவனித்தேன். எல்லோரும் நிற்கிறார்கள். குவளை காலியாகி நான் கையை எடுத்த பிறகும் போசியை நீட்டியபடியே, இடித்த புளி மாதிரி. நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று எண்ணும்வரை நிற்கிறார்கள். அப்புறம் மூடியைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். தறிச் சத்தத்தில் மூளை மரத்துப்போன ஜனங்கள், ஊற்றி முடிந்தது மண்டையில் ஏற மூன்று எண்ணுகிற நேரம் ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் எழுபத்தொன்பது போசி. மாசக் கடைசியில் அறுபத்தாறு. அப்புறம் ஐம்பத்திரண்டு. நேற்று முப்பத்தொன்று.

மாவில் குறை இல்லை. அதே நாலுக்கு ஒன்று, அதே தண்ணீர். இன்னும் சொன்னால் உசந்த உளுந்தாக மாற்றினேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. நாக்கு இருந்தால் அல்லவா தெரியும்? தறிக்குப் பாவு சுற்றுகிற சரசு ஒருநாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, “அக்கா ஊத்தற மாதிரி ஊத்துங்கய்யா” என்றாள். “அதே குவளைதாம்மா” என்றேன். “குவள அதேதானுங்க” என்றாள். என்ன பதில் இது? மறுநாளிலிருந்து சரசு போசி வரவில்லை. பித்தளைத் தூக்கு ஒன்று பதினேழு வருடமாக வந்துகொண்டிருந்தது, அதுவும் நின்றுவிட்டது. நன்றி கெட்ட தூக்கு. வருகிற மிச்சம் பேரும் “அக்கா எப்பங்க வரும்?” என்று கேட்காமல் போவதில்லை. ஊர் வம்பு. மாவு வாங்க வந்தால் மாவை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே?

எங்கே போகிறார்கள் என்று நானே கண்டுபிடித்தேன். பெருமாள் கோவில் சந்தில் மல்லிகா என்று ஒருத்தி. வீட்டு கிரைண்டரில் ஆட்டி, பக்கெட்டில் வைத்து விற்கிறாள். நான் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் மறைந்து நின்று எண்ணினேன். நாற்பத்தாறு போசி. எல்லாம் என்னுடைய போசி, பார்த்தாலே தெரிகிறது. எனக்குக் குறைந்தது ஐம்பத்து மூன்று. மீதி ஏழு எங்கே போனது என்று இன்னும் தெரியவில்லை.

அவள் மாவைப் பார்த்தேன். தண்ணீர். சோற்றுக் கஞ்சி இதைவிடக் கெட்டியாக இருக்கும். அதைக் குவளையில் ஊற்றிவிட்டு, கேட்காமலே, பின்னாலேயே இன்னும் கொஞ்சம் மொண்டு சாய்க்கிறாள். கொசுறு! ஒவ்வொரு போசிக்கும்! இந்த ஜனங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிப் போகிறார்கள். தண்ணீர்தான் என்று தெரிந்தே வாங்குகிறார்கள். நான் வீட்டுக்கு வந்து தண்ணீரை வைத்து அளந்து பார்த்தேன். அவள் சாய்க்கிற மாதிரி ஏழு தடவை சாய்த்தால் ஒரு குவளை காலி. நாற்பத்தாறை ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு ஆறரைக் குவளை சும்மா போகிறது. ஆறு மாதம் தாங்க மாட்டாள். தாங்கவே மாட்டாள். அதற்குள் இந்தப் பிள்ளை பெற்ற வீட்டு வேலை முடிந்து...

ஒரு நிமிடம் மேஸ்திரி. யாரோ வருகிறார்கள்.

வாங்க. ஒண்ணா, ரெண்டா? ஒண்ணு. பிடிங்க. ம்... அக்கா வெள்ளிக்கிழமை... தெரியாது, இன்னும் முடிவாகலை. சரிங்க.

பார்த்தீர்களா? எண்ணினீர்களா? மூன்று. நான் சொன்னேன் அல்லவா? இன்றைக்கு இது நாலாவது போசி. நாலு பேரும் மூன்று எண்ணும்வரை நின்றார்கள்.

என்ன சொல்கிறீர்கள்?

கொசுறுக்கா? இல்லை இல்லை. பலகையைப் பாருங்கள். இங்கே கொசுறு கொடுத்தால் அல்லவா எதிர்பார்ப்பார்கள்? பத்தொன்பது வருடமாக இந்தக் கடையில் ஒரு... கேட்கவே இல்லையே, ஒருத்தர்கூட வாயைத் திறந்து...

கேட்காமல் கிடைத்தால் எதற்குக் கேட்பார்கள் என்கிறீர்கள்.

இருங்கள். பேசாதீர்கள், கொஞ்சம் இருங்கள்.

எண்பத்து நாலு போசி. ஏழுக்கு ஒரு குவளை. ஏழு பன்னிரண்டு எண்பத்து நாலு.

பன்னிரண்டு.

முதல் வருடம் ஏழு போசி. அன்றைக்கு ஒரு குவளை குறைந்தது. பதினைந்து போசி வந்தபோது இரண்டு. போசி கூடக் கூட... வயசாகிறது, அதனால் நடுக்கம் கூடுகிறது என்று நான்...

ஆறு மாதம் மாத்திரை தின்றாளே! தினமும் என் கண் முன்னால் தண்ணீர் ஊற்றி விழுங்கினாளே! டாக்டர் கோடு போட்டு நடக்கச் சொன்னபோது என்னமாய் நடந்தாள்! திருடி! இத்தனை நாள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு, நாளைக்குப் பன்னிரண்டு குவளை! நம் சோறே இருபது குவளைதான் என்று உங்களிடம் சொன்னேனா இல்லையா? அதில் பன்னிரண்டு போனால் பாதிக்கு மேல் மேஸ்திரி! இல்லை, தப்பு. அது போன பிறகு மிஞ்சியதுதான் நாங்கள் பிழைத்தது. அப்படியானால் எங்கள் சோறு அந்த... எதை எதிலிருந்து கழிப்பது என்றே தெரியவில்லை. எனக்குக் கணக்கு இப்படிக் குழம்பியதே இல்லை.

போன் எங்கே? நீங்களும் இருங்கள். சாட்சிக்கு ஆள் வேண்டும்.

பாவாயி. நான்தான். சாப்பிட்டேன். அது கிடக்கட்டும். பன்னெண்டு குவளை. எந்தப் பன்னெண்டுன்னு உனக்குத் தெரியும். ம். ம். என்ன? எத்தன? அது எப்படி? ...சரி, நீ பேசு. ம். யாரு, இங்க ஒருத்தர் வந்திருக்கார், மெஷின் பாக்க. இல்ல, இன்னும் சொல்லல. ம். அதெப்படி நான்... சரி. சரின்னு சொன்னேன். வை.

என்ன சொன்னாள் என்று பார்க்கிறீர்கள். ஒரு அழுகை, ஒரு மன்னிப்பு, ஒன்றும் கிடையாது. “பன்னெண்டு இல்லீங்க, பதினாலு” என்கிறாள். கேட்டீர்களா? என் கணக்கைத் திருத்துகிறாள்! நம் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று தினமும் இரண்டு குவளை தனியாக ஆட்டி வைப்பேன். அது நூற்றிருபதில் சேராது. அதையும் கொண்டுபோய்ச் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுப் போசியில் ஊற்றிவிட்டாளாம்.

“அப்ப நாம என்னத்தத் தின்னோம்?” என்றேன்.

“மாவுக்கடை வெச்சு இத்தன வருசத்துல நம்மூட்ல என்னைக்குங்க இட்லி தின்னீங்க? தெனமும் ராத்திரிக்குக் களியும் கீரையும்தானுங்களே போட்டேன்” என்கிறாள்.

உண்மைதான் மேஸ்திரி. களிதான். மாவு விற்கிறவனுக்கு இட்லி ஆசை இருக்கக் கூடாது, எனக்கு அந்த வைராக்கியம் இருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த நாலு மாதமாகத்தான் இட்லி தின்கிறேன், வேறு சமைக்கத் தெரியாததால். நன்றாகத்தான் இருக்கிறது.

“வருசத்துக்கு நாலு போசி சும்மா கூடுச்சுன்னா நெனச்சீங்க?” என்றாள். கேட்கிற கேள்வியா அது? பொம்பளை ஒருத்தி குவளையைச் சாய்த்ததாலா ஒரு கடை நின்றது? காலை நாலு மணிக்கு எழுந்து ஆட்டியது யார்? முப்பத்தெட்டுத் தடவை கல் கொத்தியது யார்? ஆனால் ஒன்று. நான் கொத்தியது இந்த நாலு மாதமும் கொத்தியபடிதான் இருக்கிறது. அரைத்ததும் அரைத்தபடிதான். மாறியது ஒன்றே ஒன்றுதான். எனக்குப் படிப்பு குறைவு. இதற்கு மேல் வகுக்கத் தெரியாது.

மெஷின் விற்பனைக்கு இல்லை. உங்களைத் தறிக்காரர் தெருவரை வரவழைத்துவிட்டேன், அதற்கு வருத்தம்தான். நீங்களும் முந்நூறு லிட்டர் ஆசையை விட்டுவிடுங்கள். அந்த ஆசை உள்ளவனுக்கு இந்தக் கல் சுற்றாது.

வெள்ளிக்கிழமை வருகிறாள். ஒரு நிபந்தனை. என்னிடமே நிபந்தனை! “நான் வர்ற வரைக்கும் நீங்க முன்னால நிக்கக் கூடாதுங்க. மிச்சம் இருக்கற முப்பத்தொண்ணையும் வெரட்டிப்புடுவீங்க” என்கிறாள். நான் விரட்டுகிறேனாம். நான் அவர்கள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

இன்றைக்குச் செவ்வாய். இன்று, நாளை, நாளை மறுநாள். மூன்று சாயங்காலம். மணி இப்போதே ஐந்தேகால்.

மேஸ்திரி, நீங்கள் மில்லில் இருநூறு பேரை மேய்த்தவர் என்று தரகர் சொன்னார். உங்களுக்குப் பேச வரும். முகம் பார்க்க வரும். எப்படியும் மாவுத் தொழில் கற்றுக்கொள்ளத்தானே வந்தீர்கள்? ஸ்டூலை இந்தப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். பஸ் காசு நான் கொடுத்துவிடுகிறேன். இந்தாருங்கள், குவளை. விளிம்பு மட்டமாக ஒரு குவளை ஊற்றுங்கள். அதுதான் அளவு. அதற்கு மேல்... அதற்கு மேல் நீங்கள் என்ன செய்வீர்களோ, நான் உள்ளே போய் மெஷினை ஓட விட்ட பிறகு செய்யுங்கள். அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்காது. கேட்டால் எண்ணிவிடுவேன்.